ஒருமையில்

நவம்பர் 11

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னால் ஒன்பது புத்தகங்கள் அச்சுக்குப் போக வேண்டும் என்று குலசேகரன் சார் சொல்லிவிட்டார். அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே நாள் முழுவதும் போய்விடுகிறது. எனக்கென்று ஒரு கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் இது.

சிம்மக்கல்லில் ஒரு நகைக்கடைக்கு மேலே எங்கள் பதிப்பகம். முதலாளி குலசேகரன் சார். தட்டச்சும் பக்க வடிவமைப்பும் ஜெசிந்தா. மெய்ப்புத் திருத்துவது நான். அவ்வளவுதான் ஆட்கள். அறைக்கு ஒரே மின்விசிறி, அதுவும் சார் தலைக்கு மேல்.

இன்று வந்தது ஒரு நாவல். எழுதியவர் சண்முகவடிவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கறிஞர், ஐம்பதைத் தாண்டியவர், முதல் புத்தகம். சார் தாள்கட்டை என் மேசையில் போட்டுவிட்டு, “குடும்பக் கதை, பரிதி. லேடீஸ் வேற என்னத்த எழுதப் போறாங்க? ஆனா வக்கீலம்மா, நாலு பேரத் தெரியும். வித்துரும்” என்றார்.

“ஆம்பள எழுதுனா நாவல், பொம்பள எழுதுனா குடும்பக் கதையா சார்?”

“இதையெல்லாம் கட்டுரைல எழுதுப்பா.”

எழுதத்தான் போகிறேன். டிசம்பரில் ஒரு பெண்கள் கல்லூரிக் கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு ‘நவீனப் புனைகதையில் பெண் பாத்திரங்கள்’. நம் எழுத்தாளர்களின் முகத்திரையைக் கிழிக்காமல் விடுவதில்லை.

ரோகிணியிடம் சொன்னேன். வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “பொம்பளைங்க காலேஜுல பொம்பளைங்களப் பத்திப் பேச உங்களத்தான் கூப்புட்டாங்களா? நல்லாருக்குங்க!” என்று சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

நவம்பர் 15

நாவலைப் படித்து முடித்தேன். வேலம்மாள் என்ற பெண். அவள் கணவர் தங்கராசு, தீப்பெட்டி ஆபீசில் கணக்கர். அவர் வருவார், சாப்பிடுவார், வெற்றிலை போடுவார். அவள் தண்ணீர் பிடிப்பாள், மகனைப் பள்ளிக்கு அனுப்புவாள். மொழி சுத்தமாக இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் இருபத்தேழு அத்தியாயத்திலும் எதுவும் நடக்கவில்லை. சாருக்கான குறிப்பில் எழுதினேன்: ‘சம்பவம் போதாது. திருப்பம் என்று ஒன்று இல்லை. பிற்பாதியில் வேலம்மாள் ஏன் இவ்வளவு பேசாமல் இருக்கிறாள் என்பதற்குக் காரணம் சொல்லப்படவில்லை.’

குடும்பக் கதை என்று சார் சொன்னது முழுத் தவறில்லை போலிருக்கிறது. இதை வெளியே சொல்ல மாட்டேன்.

நவம்பர் 21

கட்டுரை முடிந்தது. எனக்கே பிடித்த இடம்: ‘நம் எழுத்தாளன் பெண்ணைத் தண்ணீர்க் குடத்தோடு நிற்க வைத்து அவள் இடுப்பை மூன்று பத்திக்கு எழுதுகிறான். குடத்தின் எடை அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றியதில்லை.’

நாளை ஞாயிறு. ரோகிணிக்கு விடுமுறை. மதியம் படித்துக் காட்ட வேண்டும்.

நவம்பர் 22

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 23

ரோகிணி வேலைக்குப் போகவில்லை. பல்வலி. அவள் வேலை செய்யும் இடத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். கன்னம் வீங்கியிருக்கிறது. மாடிவீட்டுக்காரர்களிடம் ஐஸ் கட்டி வாங்கி வந்தேன். அவர்களிடமும் பல்வலி என்றேன்.

ரசம் வைத்தேன். பாத்திரம் முழுவதையும் நானே கழுவினேன், அடிப்பிடித்த குக்கர் உட்பட. இந்த ஆனையூர்த் தெருவில் எத்தனை ஆண்கள் அந்தப் பக்கம் போயிருப்பார்கள்?

நவம்பர் 26

ஞாயிற்றுக்கிழமை பேச்சு கொஞ்சம் முற்றி, கை பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளும் சரி என்றாள். அதோடு முடிந்தது. எந்த வீட்டில் இல்லை? மற்றவனைப் போல் குடித்துவிட்டு வந்து செய்யவில்லை.

இன்று வேலைக்குப் போனாள். நான்கு நாளாகப் பாத்திரம் நான்தான். விரல் இடுக்கெல்லாம் சோப்புப் பட்டு வெடித்திருக்கிறது.

நவம்பர் 29

நேற்று நாவல் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று நான் குளிக்கப் போன நேரத்தில் ரோகிணி கையில் எடுத்திருக்கிறாள். மத்தியானம் முழுக்கச் சுவரோடு சாய்ந்து அதையே படித்துக்கொண்டிருந்தாள். டிவி போடவில்லை. சாயங்காலம் கட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

“பதினஞ்சாவது அத்தியாயத்துல இருந்து தங்கராசு ‘வந்தான், போனான்’னு வருது. அதுக்கு முன்னாடி எல்லாம் ‘வந்தார், போனார்’.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் கட்டை வாங்கிப் புரட்டினேன். உண்மைதான்! பதினான்கு வரை ‘தங்கராசு வந்தார்’. பதினைந்தின் முதல் வரி ‘தங்கராசு வந்தான். சோறு போட்டாள்.’ அதிலிருந்து கடைசிவரை ‘ஆன்’. கதையில் இருக்கும் மற்றவர்களுக்கு மாற்றம் எதுவும் இல்லை. மளிகைக்கடைக்காரர் ‘ஆர்’, மகன் ‘ஆன்’, இவர் மட்டும் பாதியில் இறங்கிவிட்டார். கதை ஓட்டத்தில் என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. ஆறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், வெட்கமாகப் போய்விட்டது.

“உனக்கு நல்ல கண்ணு ரோகிணி. பேசாம ப்ரூஃப் பாக்க வந்துரு.”

அவள் நகரவில்லை. “இது தப்பா?”

“பின்ன? ஒரே ஆளு முன்னால அவரு, பின்னால அவனா? புதுசா எழுதுறவங்களுக்கு இந்த ஒருமை பன்மைக் குழப்பம் வரும். எல்லாத்தையும் ‘அவரு’ன்னே ஒருமைப்படுத்திருவேன்.”

“ம்” என்றாள். உள்ளே போய்க் கொடியில் கிடந்த துணியை மடித்தாள்.

நவம்பர் 30

பதினைந்திலிருந்து இருபத்தேழு வரை தங்கராசு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ‘ஆன்’ விகுதியையும் சிவப்பு மையால் ‘ஆர்’ ஆக்கினேன். கணினியில் மொத்தமாக மாற்ற வழியில்லை, மகனும் மாறிவிடுவான். ஜெசிந்தா ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

“கண்ணு பூத்துப்போச்சுண்ணே. இந்த ஒரு மனுசன் எத்தன தடவதாண்ணே வருவான், போவான்?”

“வருவார், போவார்.”

“அய்ய, ரொம்பத்தான்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ரோகிணி கேட்டாள். “மாத்தியாச்சா?”

“ஒண்ணு விடல.”

சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 5

நாவல் அச்சுக்குப் போனது. நேற்று சண்முகவடிவு போன் செய்து கடைசி மெய்ப்பைத் தான் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். சார், “நேரமில்லம்மா, நம்ம தம்பி பாத்துட்டாரு, அவரு பாத்தா பாத்ததுதான்” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு எங்களிடம், “லேடீஸ் கையில ப்ரூஃபக் குடுத்தா மறுபடி மொதல்ல இருந்து எழுத ஆரம்பிச்சிருவாங்க” என்றார்.

கருத்தரங்குக் கட்டுரையில் இந்த வாக்கியத்தை அப்படியே சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவர் சொன்னபோது நானும் சிரித்தேன் என்பதால் சேர்க்கவில்லை.

டிசம்பர் 9

ரோகிணிக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. டெங்குக் காலம். வந்ததும் படுத்துவிடுகிறாள். குழாய் வாஷர் மாற்றினேன்.

டிசம்பர் 14

கருத்தரங்கு. குடத்தின் எடை வந்த இடத்தில் கைதட்டல் அடங்க நேரமானது. ஒரு மாணவி எழுந்து, “எங்க வீட்டு ஆம்பளைங்களும் உங்கள மாதிரி யோசிச்சா நல்லாருக்கும் சார்” என்றாள். சால்வை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சால்வையைப் போட்டேன். ரோகிணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்லாப் போச்சா?” என்றாள்.

“கைதட்டு ஓயல.”

“சாப்பாடு எடுத்து வச்சிருக்கு.”

சால்வையின் நிறத்தைப் பற்றிக்கூட ஏதும் சொல்லவில்லை. முன்பு என்றால், “பொன்னாடையப் போத்திக்கிட்டே பாத்திரத்தக் கழுவுங்க” என்று ஏதாவது சொல்லியிருப்பாள்.

டிசம்பர் 21

புத்தகம் வந்துவிட்டது. அட்டை நன்றாக இருக்கிறது. சண்முகவடிவுக்கு அவருடைய பிரதிகளைப் பேருந்தில் போட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 23

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். வெள்ளைப் புடவை, கழுத்தில் வக்கீல் பட்டை, கையில் கறுப்புக் கோட்டு. உயர் நீதிமன்றக் கிளையில் வேலையாக வந்த சண்முகவடிவு நேரே இங்கே வந்திருக்கிறார். நாற்காலியைக் காட்டிய சாரைக் கவனிக்காமல் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

“இது யாரு எழுதுன புத்தகம்?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? உங்க புத்தகந்தான்.”

“அப்ப தங்கராசுக்கு மரியாத குடுக்கச் சொன்னது யாரு?”

சாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

“பதினஞ்சாம் அத்தியாயத்துக்கு முன்னால அவன் அவள அடிச்சுட்டான் சார். அந்த அடிய நான் எழுதல. எழுத வேண்டாம்னு விட்டேன். ‘வந்தார்’னு சொல்லிக்கிட்டு இருந்தவ மனசுக்குள்ள ‘வந்தான்’னு சொல்ல ஆரம்பிக்கிறா. அவ்வளவுதான் கத. அந்த ஒரு எழுத்துலதான் மொத்தக் கதையும் இருந்துச்சு. ஒரு பொம்பள ஒருத்தனுக்கு மரியாத குடுக்குறத நிறுத்துறா. நீங்க நிறுத்த விட மாட்டேன்னுட்டீங்களே!”

சார் புத்தகத்தைப் புரட்டினார். வியாபாரம் தெரிந்தவர். “இது டைப்பிங்ல நடந்ததும்மா. கம்ப்யூட்டர்ல ஒண்ண மாத்தப் போனா இன்னொண்ணு மாறிரும். ஏய் ஜெசிந்தா, இங்க வா. என்ன வேல பாத்து வச்சிருக்க நீ? கண்ணு எங்க இருக்கு?”

ஜெசிந்தா வந்து நின்றாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் டப்பாவின் மூடியைச் சரியாக மாட்ட முயன்றுகொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சரியாக மாட்டித்தான் இருந்தது.

“சாரி மேடம்” என்றாள் ஜெசிந்தா.

சண்முகவடிவு அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “தம்பி யாரு?”

“நம்ம ப்ரூஃப் ரீடர். பெண்ணுரிமை பத்தியெல்லாம் பிரமாதமாப் பேசுவாரு.”

“அப்படியா” என்றார். கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

டிசம்பர் 24

ஜெசிந்தா வரவில்லை. சார், “திட்டுனா லீவு போட்டுரும் இந்தப் பிள்ள” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 25

வீட்டில் இருந்தேன். நாவலின் அச்சான பிரதியைப் பதினைந்திலிருந்து படித்தேன். ‘தங்கராசு வந்தார். சோறு போட்டாள்.’ ஒன்றுமே நடக்காத கதை. சம்பவம் போதாது என்று எழுதியவன் நான்தான். ஒரே ஒரு சம்பவம் இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இல்லை என்று புகாரும் செய்திருக்கிறேன்.

ஜெசிந்தா வீட்டில் இன்று கிறிஸ்துமஸ். எந்த முகத்தோடு கொண்டாடுவாள்? போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

டிசம்பர் 27

காலையில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ரோகிணியிடம் எங்கே என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் சண்முகவடிவு வீட்டு முன்னறையில் வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“வாங்க தம்பி. பால்கோவா வாங்க வந்தீங்களா?”

“அம்மா, அது டைப் பண்ண பொண்ணு தப்பு இல்ல. நான்தான் மாத்துனேன்.”

“தெரியும். ஒரு எடம் விடாம மாத்தியிருக்கு. மகனத் தொடல, கடைக்காரரத் தொடல. மெஷினு அப்படிச் செய்யாது. நல்லாப் படிச்சவன் செஞ்ச வேல.”

படிச்சவன் என்றார். கூப்பிடும்போது ‘வாங்க’, வேலையைச் சொல்லும்போது ‘ஆன்’. கவனித்தேன். இப்போது எல்லாவற்றையும் கவனிக்கிறேன்.

“பிழைன்னு நினைச்சேன்மா. ஒரே ஆளுக்கு ரெண்டு மாதிரி வந்ததால…”

“ஒரு நாவலக் குடுங்க, நான் காட்டுறேன். ‘அப்பா வந்தார், அம்மா சோறு போட்டாள்.’ ஒரே வீடு, ஒரே வயசு, ஒரே வாக்கியம். அப்பாவுக்கு ஆரு, அம்மாவுக்கு ஆளு. நூறு வருசமா அச்சாகுது. எந்த ப்ரூஃப் ரீடராச்சும் இதுல ஒருமைப்பாடு இல்லன்னு சிவப்பு மை வச்சானா?”

என் கட்டுரையில் இது இல்லை. குடத்தின் எடையை எழுதியவனுக்கு இது தெரியவில்லை.

“அடிக்கிற காட்சிய எழுதியிருக்கலாமேம்மா. எனக்குப் புரிஞ்சிருக்கும்” என்றேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

“எழுதுனா அத மட்டும் படிப்பீங்க. ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டிட்டு மூடி வச்சிருவீங்க.” கட்டு ஒன்றைத் தட்டிக் காட்டினார். “இங்க வர்ற பொம்பளைங்க எடுத்த எடுப்புல சொல்ல மாட்டாங்க தம்பி. ‘அவரு நல்லவருதாம்மா, அவரு சம்பாரிச்சாரு, அவரு வந்தாரு’ன்னு போய்க்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு எடத்துல ‘அவன்’னு விழும். அவங்களுக்கே தெரியாது. நான் பேனாவ மூடிருவேன். அதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்ல. ஆனா மனுவுல என்ன எழுதணும்? எதிர்மனுதாரர். அடிச்சவனுக்கும் ஆரு. நாவல்லயாவது எறக்கி வைப்போம்னு பாத்தேன். நீங்க வாங்கிக் குடுத்துட்டீங்க, மரியாதைய.”

ஒரு பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“வேலம்மா அவன்கிட்ட நேர்ல பேசும்போது கடைசி வரைக்கும் ‘வாங்க, போங்க’ன்னுதான பேசுறா?” என்றேன்.

“மூஞ்சிக்கு நேரா ‘வா, போ’ன்னு சொல்லிட்டு எங்க போயி இருக்குறது? சில பொம்பளைங்க ரெண்டும் சொல்ல மாட்டாங்க. ‘வந்தாச்சா, சாப்ட்டாச்சா, சட்ட அங்க இருக்கு, சோறு இங்க இருக்கு.’ வினை இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அப்படியே முப்பது வருசம் குடித்தனம் நடத்துனவங்க இருக்காங்க. பக்கத்துல படுத்திருக்குறவனுக்குத் தெரியவே தெரியாது.”

நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கல்யாணம் ஆயிருச்சா தம்பி?”

“ஆயிருச்சும்மா.”

அவர் பேனாவை எடுத்து மூடினார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வாசல்வரை வந்தவர், “எல்லாப் பிரதியிலயும் பிழைதிருத்தம் வேணும். சொருகுனா உதுந்துரும், ஒட்டணும். மாத்துனது யாருன்னு பேரு போட்டு ஒட்டணும்” என்றார்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். மாத்தியாச்சா. நல்லாப் போச்சா. சாப்பாடு எடுத்து வச்சிருக்கு. ரோகிணி பேசியதை இந்த நாட்குறிப்பில் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் கூட நான் இல்லை.

டிசம்பர் 28

சாரிடம் உண்மையைச் சொன்னேன். “பேசாம இருந்துருக்கலாமேப்பா. அந்தப் பிள்ள ரெண்டு நாள்ல மறந்துருக்கும்” என்றார். நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த எழுத்தாளர் என்பதால் பிழைதிருத்தம் ஒட்டச் சம்மதித்தார். “உன் பேர்லயே போட்டுக்க. உனக்கு இனிமே எவன் வேல குடுப்பான்னு பாப்போம்.”

ஜெசிந்தா வந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “இப்பச் சொல்றீங்க. அன்னைக்கு அந்தம்மா முன்னாடி வாயத் தொறந்துருக்கலாம்லண்ணே. டப்பா மூடியவே திருகிக்கிட்டு இருந்தீங்க.”

வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த ரோகிணி, “வந்தாச்சா” என்றாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கூசுகிறது. அவள் வாயிலிருந்து ஒரு விகுதியைப் பிடுங்கப் பார்த்தேன்.

“நேத்து எங்க போனேன்னு கேக்கலயே?”

“எங்க?”

“ஸ்ரீவில்லிபுத்தூர். அடுத்த வாரமும் போக வேண்டியிருக்கும். போகட்டுமா?”

“போகணும்னா போகலாம்.”

“டீ குடிக்கவா, காப்பி குடிக்கவா?”

“ரெண்டும் இருக்கு.”

“நான் யாரு ரோகிணி?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஒரு மாதத்தில் என்னை இவ்வளவு நேரம் பார்த்தது அன்று நாவல் கட்டோடு வந்து நின்றபோதுதான். அன்று அவள் பிழை சுட்டிக்காட்ட வரவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. நானும் அதைப் படித்துவிட்டு என்ன முகம் காட்டுகிறேன் என்று பார்க்க வந்திருந்தாள். ‘உனக்கு நல்ல கண்ணு’ என்றேன் நான்.

“அடுப்புல பால் இருக்கு” என்று உள்ளே போனாள்.

டிசம்பர் 30

நவம்பர் 22 அன்று நான் கட்டுரையை நின்றுகொண்டு, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். வாரத்துக்கு ஒரே நாள் விடுமுறை, அவள் உட்கார்ந்து கேட்டாள். குடத்தின் எடை வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்லங்க. பெண் பாத்திரங்கள் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க. சிங்க்குல ரெண்டு நாளாக் கெடக்குறதும் பெண் பாத்திரந்தான். அதுகளையும் ஒரு பார்வ பாருங்களேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல நகைச்சுவை. என் கட்டுரையில் இருந்த எந்த வாக்கியத்தையும் விட நல்ல வாக்கியம். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜனவரி 3

ஞாயிறு. அச்சகத்திலிருந்து பிழைதிருத்தச் சீட்டுகள் வந்தன. நாவல் பிரதிகள் அத்தனையும் லோடு ஆட்டோவில் வீட்டுக்கே வந்து இறங்கின. ஒட்டுவது என் வேலை என்று சார் சொல்லிவிட்டார்.

கூடத்தில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தேன். பிரதியைத் திறந்து, பசை தடவி, சீட்டை ஒட்டி, அழுத்தி, மூடி, அடுக்கினேன். பத்துப் பிரதிகளில் இடுப்பு வலித்தது. ரோகிணி குளித்துவிட்டு வந்து, ஒட்டிய பிரதி ஒன்றை எடுத்தாள். நின்றபடியே சீட்டைப் படித்தாள்.

‘பிழைதிருத்தம். பதினைந்தாம் அத்தியாயம் முதல் தங்கராசு என்னும் பாத்திரத்துக்கு ஆசிரியர் எழுதிய விகுதி ஆன். அதை ஆர் என்று மாற்றியது மெய்ப்புத் திருத்திய இளம்பரிதி. வந்தார் என்பதை வந்தான் என்றும், அவர் என்பதை அவன் என்றும் படிக்கவும்.’

சீட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பசை காயவில்லை. விரலில் ஒட்டியதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்து உதவுவாள் என்று நினைத்தேன். நினைத்ததே தவறு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

அவளுடைய போன் அடித்தது. திண்டுக்கல்லில் இருக்கும் அவள் அக்கா சுகந்தி. வாராவாரம் கூப்பிடுவார். நான் பசை தடவிக்கொண்டே கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சாப்ட்டேன்க்கா… பிள்ளைங்க எப்படியிருக்கு?… அவனா? இங்கதான் இருக்கான். பேப்பர் ஒட்டிக்கிட்டு இருக்கான்.”

குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. அந்தப் பக்கம் அக்கா என்ன கேட்டார் என்று தெரியாது.

“ஆமாக்கா. அவன்தான்… தெரியல. மொதல்ல ஒட்டி முடிக்கட்டும்… பொங்கலுக்கு நான் மட்டும் வர்றேன். வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டு மீண்டும் புத்தகத்தை எடுத்தாள். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து போய்க் காலில் விழலாம் என்று தோன்றியது. விழுந்தால் அதையும் அவள்தான் குனிந்து தூக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து ஒட்டினேன்.

இருட்டுவதற்குள் பாதிதான் முடிந்தது. பாத்திரம் கழுவினேன். ரோகிணி வந்து தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டாள். எதுவும் எடுத்து வைக்கவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 4

பிழைதிருத்தம்.

நவம்பர் 22: ‘எழுத ஒன்றுமில்லை’ என்பதை ‘ரோகிணியை அடித்தேன்’ என்று படிக்கவும்.

நவம்பர் 23: ‘பல்வலி’ என வரும் இரண்டு இடங்களிலும் ‘நான் அடித்தது’ என்று படிக்கவும்.

நவம்பர் 26: ‘கை பட்டுவிட்டது’ என்பதில் எழுவாய் பிழை. கை அல்ல, நான். ‘குடித்துவிட்டு வந்து செய்யவில்லை’ என்பதை ‘தெளிவாக இருக்கும்போது செய்தேன்’ என்று படிக்கவும்.

அதே நாள்: ‘அவளும் சரி என்றாள்’ என்ற வாக்கியத்தை நீக்கவும். அவள் எதுவும் சொல்லவில்லை.